ஜிம்மியின் குரல்

குட்டி நாய்தானே, பெரிதாகச் சத்தம் போடாது என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்க வேண்டும். ஜிம்மியின் எடை ஆறு கிலோ. குரலோ மூன்றாவது மாடியிலிருந்து தெருமுனை வரை கேட்கும்.

நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளை ஸ்பிட்ஸ். ஐந்து வயது. வளர்த்தவர்கள் மகனோடு வெளிநாடு போய்விட்டதால் நானும் மனைவியும் எடுத்துக்கொண்டோம். இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் ஆரம்பித்தான். லிஃப்ட் கதவு, காலிங் பெல், பால் பாக்கெட் போடும் பையன், ஸ்பீக்கர் கட்டிய காய்கறி வண்டி என்று எதையும் விடவில்லை.

கீழ் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. அம்மா பகல்ல ஒரு மணி நேரம்கூடத் தூங்க முடியல. வேற யாருக்காவது குடுத்துடுங்களேன்" என்றார்.

குரைப்பதைக் காரணம் காட்டிக் குடியிருப்போர் சங்கம் நாய்க்குத் தடை போடக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் காகிதத்தைக் காட்டினால் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிடுமா? ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரை எங்களில் ஒருவர் ஜிம்மியோடு பின்அறையில் இருப்பதாகவும் சொன்னேன்.

முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் போனோம். காதுவலி, பல்வலி இருந்தாலும் நாய் குரைக்குமாம். அப்படி ஒன்றும் இல்லை. "புது இடம், பயம். எப்பெப்போ குரைக்குதுன்னு எழுதி வையுங்க சார்" என்றார்.

ஒரு வாரம் எழுதியதில் இரண்டு விதமான குரைப்பு தெரிந்தது. ஒன்று, எதையாவது பார்த்தாலோ கேட்டாலோ வருவது. இன்னொன்று, நாங்கள் இருவரும் வெளியே போனால் வரும் ஓயாத அழுகை.

முதலாவதற்கு, பால்கனி கிரில்லின் கீழ்ப்பாதியைப் பழைய பெட்ஷீட்டால் மறைத்தோம். காலிங் பெல் சத்தத்தை மொபைலில் பதிவு செய்து, மெதுவாக ஒலிக்கவிட்டு, அவன் வாய் திறப்பதற்குள் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுத்தோம். நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டினோம். "சும்மா இரு!" என்று நாம் கத்தினால், நாமும் கூடச் சேர்ந்து குரைப்பதாகத்தான் நாய் எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் பெல் அடித்தால் கதவைப் பார்க்காமல் என் கையைப் பார்க்க ஆரம்பித்தான்.

இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்து, எங்கும் போகாமல் நாற்காலியில் உட்காருவேன். அது பழகியபின் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம். அப்புறம் ஐந்து, பத்து. போகும்போது கொஞ்சல் கிடையாது. வந்ததும் ஆர்ப்பாட்டம் கிடையாது. கிளம்புவதற்கு முன்னால் முக்கால் மணி நேர நடை. களைத்த நாய் தூங்கிவிடும்.

மாதக் கடைசியில் கீழ் வீட்டுக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். "இன்னும் குரைக்குது சார். ஆனா இப்பல்லாம் நிறுத்திடுது" என்றார். உள்ளே இருந்து அவருடைய அம்மா, "இருந்துட்டுப் போகட்டும்பா, வாயில்லா ஜீவன்" என்றார். அந்த வீட்டில் ஜிம்மியை வாயில்லா ஜீவன் என்று சொன்னது அவர் ஒருவர்தான்!

நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும். போதும் என்பதை மட்டும் நாம் சொல்லிக்கொடுக்கலாம். தீபாவளி வருகிறது. வெடிச் சத்தத்தையும் மொபைலில் மெதுவாக ஒலிக்கவிட ஆரம்பித்திருக்கிறேன். முட்டைச் செலவுதான் கொஞ்சம் கூடியிருக்கிறது.