குறைக்கக் குறைக்கப் பாட்டு

வடபழனியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறை. சுவரோரம் பழைய பஞ்சு மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். "முட்டை அட்டை ஒட்டலையா?" என்றேன். "அதுல வெளிச்சத்தம் நிக்காது சார், பாக்கத்தான் ஸ்டூடியோ மாதிரி இருக்கும்" என்று சிரித்தான் இசையமைக்கும் தம்பி.

மேசையில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப், சின்ன கீபோர்டு, ஹெட்ஃபோன். மெட்டுக் கட்டுவது எல்எம்எம்எஸ் என்ற மென்பொருளில், மிக்ஸிங் ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளில். முன்னது 2004-இல் லினக்ஸுக்காகத் தொடங்கியது. பின்னதை எழுத ஆரம்பித்தவர், அமேசானின் தொடக்ககாலப் புரோகிராமர்களில் ஒருவரான பால் டேவிஸ். இரண்டின் மூல நிரலையும் யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

புதிய கோப்பைத் திறந்ததும் டெம்போ 140-இல் நின்றது. "இது எப்பவும் இப்படித்தான் வரும். நம்ம அடிக்கு ரொம்ப ஓட்டம்" என்று 118-க்கு இறக்கினான். கீபோர்டு வாசிக்கும்போது பஃபர் 128 சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால், அது மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவான தாமதம். 1024 வைத்தால் 21 மில்லி செகண்ட். விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். ஆனால் 128-இலேயே வைத்து ப்ளகின்களை அடுக்கினால் லேப்டாப் திணறி 'டப் டப்' என்று வெடிக்கும். அதனால் மிக்ஸிங்குக்கு 1024.

பறையை அவன் சொந்த ஊரில் பதிவுசெய்து வந்திருந்தான். தீயில் காய்ச்சிய கையோடு ஒரு துண்டு, அரை மணி கழித்து இன்னொன்று. அடுத்தடுத்துப் போட்டால் ஒரே பறை என்று நம்ப முடியவில்லை. தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருந்தது. "சாஃப்ட்வேர்ல ஏத்திடலாம் சார். ஆனா தோல் பிளாஸ்டிக் மாதிரி கேக்கும்" என்று இரண்டாவதை அழித்தான்.

ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துக் கொடுத்தபின் நாற்காலி மாறியது. மிக்ஸிங் செய்யும் அக்கா முதல் வேலையாக எல்லா ஃபேடரையும் இறக்கினார். "எல்லாமே நான்தான்னு கத்துது. கூட்டிட்டே போனா இடம் எங்க இருக்கு?" கிக்கை மட்டும் ஏற்றினார். அடுத்து பேஸ்; இரண்டும் சேர்ந்ததும் அடியில் ஒரே குழம்பு. பேஸில் 60 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொஞ்சம் வெட்டியதும் கிக் தெளிந்தது. பறையில் 150-க்குக் கீழே கழித்தார். தனியாகக் கேட்டபோது பறை மெலிந்திருந்தது. எல்லாவற்றோடும் ஓடவிட்டபோது முன்னால் வந்து நின்றது.

பறைத் துண்டின் தொடக்கத்தில் லேசான சடசடப்பு. தம்பி மௌஸைப் பிடித்தான்: "அக்கா, அந்த நாய்ஸைத் தூக்கிடவா?"

அவர் திரும்ப ஒருமுறை போட்டுக் கேட்டார். பறை காய்ச்ச மூட்டிய வைக்கோல் எரியும் சத்தம்.

"கைய எடுடா" என்றார்.

சாயங்காலம் முழுக்க வெட்டிக்கொண்டிருந்தவர், அதை மட்டும் ஒரு டெசிபல் ஏற்றினார்.