500 என்று முடியும் எண்

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், மாடி அறையில்தான் என் வேலை. லாமிங்டன் ரோட்டில் கைமாறி வரும் பழைய டெஸ்க்டாப்புகளை வாங்கி, தூசி தட்டி, எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸ் போட்டு, இங்குள்ள டியூஷன் சென்டர்களுக்கும் மாட்டுங்கா, செம்பூர் ஆபீஸ்களுக்கும் கொடுக்கிறேன். இருபது மெஷினுக்குத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஒன்றைத் தாய் மெஷினாகத் தயார்செய்து, அதன் இமேஜை மற்றவற்றில் இறக்குவோம்.

விண்டோஸ் முதன்முதலில் பெயர் கேட்டு நிற்கும் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆடிட் மோடு. அங்கே பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் அட்மினிஸ்ட்ரேட்டராகவே உள்ளே விடும். விஸ்டா காலத்திலிருந்து இந்தக் கணக்கு சாதாரணமாக மூடியே இருக்கும். தயாரிப்பு வேலைக்கு மட்டும் திறக்கும். தமிழ் ஃபான்ட், பிரின்டர் டிரைவர், டேலி எல்லாம் போட்டு முடித்து, விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டினால், மெஷினுக்கே உரிய அடையாளங்களைத் துடைத்துவிடும். ஆனால் நாமாக உருவாக்கி வைத்த கணக்கையும் அதன் பாஸ்வேர்டையும் அது தொடாது. தாயில் இருப்பது இருபது பிள்ளைகளுக்கும் போகும்.

இதை நான் கற்றது ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில். பள்ளி ஆபீஸையும் சேர்த்து 22 மெஷின். செட்டப் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தானாகப் பதில் சொல்லும் ஃபைல் ஒன்று எழுதி, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் திறந்து, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். வேலை முடிந்தபின் அந்த ஃபைலைச் சி டிரைவிலேயே விட்டுவிட்டேன். அதில் பாஸ்வேர்டு புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும். அதைப் பூட்டு என்று நம்பியிருந்தேன். அது வெறும் பேஸ்64, சாவியே இல்லாமல் யாரும் திருப்பிவிடக்கூடிய எழுத்து மாற்றம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மாற்றிப் பார்த்திருக்கிறான். என் பாஸ்வேர்டும், அதன் வாலில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தன. விண்டோஸே அப்படி ஒட்டித்தான் எழுதும்.

லேபில் ஃபைல் ஷேரிங் திறந்திருந்தது. மற்ற அட்மின் கணக்குகள் நெட்வொர்க் வழியாக வரும்போது விண்டோஸ் அவற்றைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். கூடவே வரும் இந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை மட்டும் முழு அதிகாரத்தோடு உள்ளே விடும். இருந்த இடத்திலிருந்தே அவன் 22 மெஷினுக்குள்ளும் போனான். எதையும் அழிக்கவில்லை, டீச்சரிடம் வந்து சொன்னான். அந்தப் பிள்ளையைப் பள்ளியில் தண்டிக்கப் பார்த்தபோது, தப்பு என்னுடையது என்று போய்ச் சொன்னேன். இன்று நினைத்தாலும் மனம் பதைக்கிறது. ஹால் டிக்கெட் விவரங்கள் வைத்திருந்த ஆபீஸ் மெஷினும் அந்த 22-ல் ஒன்று.

பெரிய கைகளும் இதில் தவறியிருக்கின்றன. ஆபீஸ் மெஷின்களை ஓரிடத்திலிருந்து ஆளும் டொமைன் வழியாக எல்லா மெஷினுக்கும் அட்மின் பாஸ்வேர்டு அனுப்பும் வசதியை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. பூட்டு ஏஇஎஸ், நல்ல பூட்டு. ஆனால் அதைத் திறக்கும் சாவி அவர்களுடைய ஆவணத்திலேயே வெளியாகியிருந்தது. 2014 மே மாதம் அந்த வசதியை நிறுத்தினார்கள். மறு ஆண்டே லாப்ஸ் என்ற கருவி வந்தது: மெஷினுக்கு ஒரு பாஸ்வேர்டு, குறித்த நாளில் தானாக மாறும். 2023 ஏப்ரலில் அது விண்டோஸுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு டொமைன் வேண்டும், அல்லது மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் கணக்கு வேண்டும். ஆறு மெஷின் வைத்திருக்கும் ஆடிட்டரிடம் இரண்டும் இருக்காது.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பெயரை மாற்றினால் போதாதா என்று உடன் வேலை செய்யும் பையன்கள் கேட்பார்கள். போதாது. பெயருக்குப் பின்னால் ஓர் எண் உண்டு, அது எந்த மெஷினிலும் 500 என்றே முடியும். தேடுகிறவன் எண்ணைத்தான் தேடுவான். பூட்டிக்கொள்ளவும் தெரியாமல் இருந்தது அந்தக் கணக்கு. எத்தனை தடவை தவறாக அடித்தாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பூட்டும் வழி 2022 அக்டோபரில்தான் வந்தது.

அதனால் இப்போது இமேஜில் என் கணக்கு எதுவும் இருக்காது. பதில் ஃபைல் பென்டிரைவோடு வந்து பென்டிரைவோடு போகும். தப்பித் தங்கினாலும் செட்டப் முடிந்ததும் ஓடும் கடைசி ஸ்கிரிப்ட் அதை அழித்துவிடும். 500-ஐ மூடிவிட்டுத்தான் மெஷினை வண்டியில் ஏற்றுவேன். அட்மின் கணக்கு, மெஷின் போய்ச் சேர்ந்த இடத்தில் உரிமையாளர் கையால் பிறக்கும்.

இதில்தான் வாக்குவாதம். “பாஸ்வேர்டெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, எனக்கு மறந்துரும்” என்றார் போன வாரம் மாட்டுங்காவில் ஒரு மாமி. தையல் துணிக்கடையின் கணக்கு வழக்கு முழுக்க அந்த ஒரு மெஷினில்தான். “மறந்தா நோட்டுல எழுதி பீரோவில வைங்க மாமி. என்கிட்ட வேண்டாம்” என்றேன். அரைமனதாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முடிந்ததும் கூப்பிட்டார்.