"போ"ன்னு சொல்றது நான்தான்

லண்டன் பஸ் ஸ்டாப்புல இன்னிக்கு ஒரு அம்மா என் வழிகாட்டி நாயைப் பாத்து ஆச்சரியமா கேட்டாங்க:
"சிக்னல் பச்சையானா இதுக்கு எப்படித் தெரியுது?"

தெரியாதுங்க!
வண்டிச் சத்தத்தைக் காதால கேட்டு "போ"ன்னு சொல்றது நான்தான்.

ஆனா கார் வந்துட்டா என் நாய் என் பேச்சைக் கேக்க மாட்டா. அசையாம நிப்பா. அதுக்கும் பயிற்சி உண்டு. சொல்பேச்சு கேக்காததுக்குப் பாராட்டு வாங்குற ஒரே ஆள் எங்க வீட்டுல அவதான் 😄

1928-லயே மோரிஸ் ஃப்ராங்க்னு ஒரு பார்வையற்ற இளைஞர், 'பட்டி'ங்கிற வழிகாட்டி நாயோட நியூயார்க்ல பரபரப்பான ரோட்டைக் கடந்து காட்டினார். அந்தத் துணிச்சல்லதான் நான் இன்னிக்கு வெளிய நடக்கறேன்.

ஹார்னஸ் மாட்டியிருந்தா என் நாய் டியூட்டியில இருக்கா.
தடவாதீங்க. பிஸ்கட் நீட்டாதீங்க.
என்கிட்ட பேசுங்க, எனக்குக் கதை பேச ரொம்பப் பிடிக்கும்.