நரம்பு டாக்டர்

எந்த ஊர் ஆஸ்பத்திரித் தெருவிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். 'நரம்பு மற்றும் மனநல மருத்துவர்' என்று ஒரு போர்டு தட்டுப்படும். நரம்பு பெரிய எழுத்தில் இருக்கும். மனநலம் அதற்குக் கீழே கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கும்.

நரம்பு என்றால் நமக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று கல்யாண வீட்டில்கூட சத்தமாகச் சொல்லலாம். மனசு என்றால் குரல் தானாக இறங்கிவிடும். அதனால் டாக்டரும் பேஷண்டும் ஆட்டோக்காரரும் சேர்ந்து ஒரு சமரசத்துக்கு வந்துவிட்டார்கள். "எங்கே போறீங்க?" "நரம்பு டாக்டர்கிட்ட." நிஜமான நரம்பு டாக்டர், அதாவது நியூராலஜிஸ்ட், வேறு ஆள். வலிப்பு, பக்கவாதம், பார்க்கின்சன் எல்லாம் அவர் இலாகா.

வார்த்தைதானே, போகட்டும் என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனால் இந்த வார்த்தைக் குழப்பத்துக்கு ரூபாய்க் கணக்கில் ஒரு விலை உண்டு. அந்தக் கணக்கை ஒருவர் என் நோட்டில் எழுத வைத்தார்.

மிளகு விலை பற்றி எழுதுவதற்காகக் கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே போனால் முப்பதுக்கு மேல் வயிறு எண்ண விடாது. மேலே ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். மொத்தம் பதினான்கு நாடுகள். நான் போனது குண்டூர் நாடு. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, கீழே காப்பிச் செடி. ஏணி வைத்துப் பறிக்கும் கூலி எவ்வளவு, வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறான், கடைசியில் விவசாயி கையில் என்ன நிற்கிறது? பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் அல்வா.

ஐம்பது வயசிருக்கும் அந்த விவசாயிக்கு. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு செலவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். உரம், கூலி, ஏணி, வண்டி வாடகை. கடைசியில், "அப்புறம் பையன் செலவு சார்" என்றார்.

"என்ன படிக்கிறார்?"

"படிக்கல. ஒடம்பு சரியில்ல."

உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "ஒடம்பு நல்லாத்தான இருக்குது. மனசுன்னு சொல்லு" என்றார்.

பையனுக்கு 24 வயது. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், மூன்று வருடம் முன்னால் திரும்பி வந்துவிட்டான். ராத்திரி தூங்குவதில்லை. யாரோ காதுக்குள் திட்டுகிறார்கள் என்பான். அம்மா போட்ட சோற்றை நாய்க்கு வைத்துவிட்டு, அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான்.

பழக்கதோஷத்தில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். முதல் செலவு கோயில். காத்துக் கருப்பு என்று சொல்லிக் கிடா, கோழி. இரண்டாவது மூலிகை எண்ணெய், தலையில் தேய்க்க. மூன்றாவது கீழே டவுனில் நரம்பு டாக்டர். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். "நார்மல்னு சொல்லிட்டாங்க சார். ஆனா பையன் நார்மலா இல்லியே" என்றார். நான்காவது ஒரு கவுன்சலிங் சென்டர். பத்து தடவை வரச் சொல்லி, பத்து தடவையும் பீஸ் வாங்கி, நல்லதையே நினைக்கச் சொன்னார்கள். ஐந்தாவதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பையன் தூங்கினான், சாப்பிட்டான், மிளகு பறிக்க ஏணி ஏறினான்.

"அப்புறம்?"

"அதான் சரியாப் போச்சேன்னு நிறுத்திட்டோம்."

மறுபடி முதலிலிருந்து. ஒரு ராத்திரி காட்டுக்குள் ஓடிவிட்டான். ஊரே தீப்பந்தம் பிடித்துத் தேடியிருக்கிறது. அதற்குப் பிறகு பின்கட்டு அறைக்கு வெளித் தாழ்ப்பாள்.

கூட்டிப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். இரண்டு போக மிளகு. ஐந்து இடத்தில் ஒருவர்கூட, "இது என் வேலை இல்லை, நீங்கள் போக வேண்டியது இன்னாரிடம்" என்று சொல்லவில்லை. ஐந்தாவது ஆள் சரியான ஆள்தான். ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதைப் புரிகிற மாதிரி சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

நான் பி.காம். முடித்தபோது என் பாட்டி ஊரெல்லாம் 'கணக்குப்பிள்ளை' என்று சொல்லிவிட்டார். குமாஸ்தா, காஸ்ட் அக்கவுன்டன்ட், ஆடிட்டர், இன்கம்டாக்ஸ் பார்க்கிறவர் எல்லோரும் அவருக்குக் கணக்குப்பிள்ளைதான். மனசு விஷயத்தில் நாம் எல்லோரும் என் பாட்டி. 'மனசுக்குப் பார்க்கிறவர்' என்று ஒரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி. படித்த டாக்டர். இந்தக் கூட்டத்தில் இங்கிலீஷ் மருந்து எழுதித் தருகிற அதிகாரம் அவருக்குத்தான். அந்த மருந்துகளுக்கு ரொம்ப வயசாகவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கதை 1794-இல் தொடங்குகிறது. குரல் கேட்பதைக் குறைக்கும் முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் பாரிஸில் மன நோயாளிகளுக்குத் தரப்பட்டது 1952-இல். நடுவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் பூட்டும் சுவரும்தான் வைத்தியம்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு. சைக்காலஜியில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் பயிற்சி எடுத்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். சோதனைகள் வைத்துப் பிரச்னை என்ன என்று கணிப்பார், பேச்சின் மூலம் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார். பிஎச்.டி. வாங்கியிருந்தால் இவர் பேருக்கு முன்னாலும் டாக்டர் வரும். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கவுன்சலர் விஷயம்தான் சிக்கல். பரீட்சைப் பயம், கணவன் மனைவி சண்டை, சாவு வீட்டுத் துக்கம் இதற்கெல்லாம் நல்ல கவுன்சலர் ஒரு வரம். ஆனால் இரண்டு வருடம் படித்தவரும், இரண்டு வாரம் சர்டிபிகேட் கோர்ஸ் போனவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டிக்கொள்ள முடிந்தது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. போர்டு மாட்டுகிற வேகத்தைச் சட்டம் எட்டிப் பிடிக்குமா என்பது வேறு கதை. காதில் குரல் கேட்கிறது என்று ஒரு பையன் வந்து உட்கார்ந்தால், கவுன்சலர் செய்ய வேண்டிய முதல் வேலை அவனை டாக்டரிடம் அனுப்புவது. அனுப்பாமல் பத்து சிட்டிங் வாங்கினால் அது வியாபாரம்.

சித்தர்கள் குகைக்குப் பேர்போன மலையைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், சித்தாவில் சிறப்பு மருத்துவம் என்ற முதுகலைப் பட்டம் பெற்றவரையும் மனநலத் தொழில் வல்லுநர் என்று ஒப்புக்கொள்கிறது. முதுகலைப் பட்டம் என்பதைக் கவனியுங்கள். மலைப் பாதையில் பாட்டில் அடுக்கி வைத்திருப்பவர் இதில் வர மாட்டார்.

அதே சட்டம் மனநல நர்சையும், மனநல சமூகப் பணியாளரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குண்டூர் நாட்டுக் கதை திரும்பியது இவர்களால்தான்.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் ஆரம்பித்ததே, அதில் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் ஒரு பெண், பின்கட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்திருக்கிறார். "யார்க்கா உள்ளே?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு பீஸ் இல்லை. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல, அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்டத்துக்குத் தகவல் போயிருக்கிறது. கீழே அழைத்துப் போனபோது டாக்டர் பார்த்தது பத்து நிமிடம். அதற்கப்புறம் சமூகப் பணியாளர் ஒரு அம்மா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

என்ன கேட்டார் என்று விசாரித்தேன். நோயைப் பற்றிக் கொஞ்சம்தானாம். மாத்திரை வாங்க வருகிற நாளில் யாருக்குக் கூலி போகும்? பஸ் எத்தனை மணிக்கு? பையன் முன்னே என்ன வேலை செய்வான்? வீட்டில் யார் சொன்னால் கேட்பான்? மாத்திரை சாப்பிட்டுவிட்டு 70 வளைவு ஏறினால் வாந்தி வந்துவிடுகிறது என்று அம்மா சொன்னதும், அதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். டாக்டர் மாத்திரையை மாற்றி, மாதம் ஒரு தடவை போடுகிற ஊசியாக்கிவிட்டார். ஊசி போடுவதும், கை நடுங்குகிறதா, உடம்பு விறைக்கிறதா என்று பார்ப்பதும் நர்ஸ் பொறுப்பு. ஊசித் தேதியை, அப்பா மிளகு விற்கக் கீழே இறங்குகிற நாளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். ஒரு பஸ் செலவு மிச்சம்.

எந்த மருந்துக் கம்பெனியும் கண்டுபிடிக்காத வைத்தியம் இது.

குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதில் நம் நாடு யாரிடமும் கடன் வாங்கவில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் கூடாரம் போட்டு, நோயாளிகளோடு அவர்கள் வீட்டாரையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் 1957-இல் ஆரம்பித்து இதே வழியில் போனது. சங்கிலி எங்கே அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீ. காலில் சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சுக் குடும்பங்கள் இல்லை. அடுத்து யாரிடம் போவது என்று தெரியாதவர்கள்தான் நிறையப் பேர்.

டாக்டர்களே எண்ணிக்கையில் குறைவு. 2015-16 தேசிய மனநல ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகத் தெரிந்தது. பெரும்பாலோருக்குச் சிகிச்சை இல்லை. எல்லா மலைக்கும் ஒரு சைக்கியாட்ரிஸ்ட் என்பது என் பேரன் காலத்திலும் நடக்காது. சென்னையில் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் டி.வி., டி.வி.யில் சென்னை டாக்டர், பக்கத்திலேயே மருந்து. ஜிம்பாப்வேயில் 2006-லிருந்து பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து மரப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். மனசு கனத்தவர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பாட்டிகளே போதும் என்று யாராவது முடிவுகட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டையும் சேர்த்து இந்தியாவில் மூன்று இடங்களில், மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர். ஒரு பகுதியினருக்கு டாக்டர் மட்டும். மற்றவர்களுக்கு டாக்டரோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே போனார். இரண்டாவது கூட்டம் ஓரளவு நன்றாக இருந்தது. ஓரளவுதான், அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் டாக்டர் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ், 2022 அக்டோபரில் வந்த இலவச அரசு சேவை. தமிழிலேயே பேசலாம். நரம்பு என்று ஆரம்பித்தாலும் புரிந்துகொள்வார்கள்.

நான் கிளம்பும்போது பையன் தோட்டத்திலிருந்து வந்தான். தலையில் மிளகுக் கூடை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, களத்தில் கொட்டிக் காயப்போட ஆரம்பித்தான். ஏழு மாதமாக ஊசி போகிறது. ஏணி மட்டும் ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், கை நடுக்கம் முழுசாக நிற்கும்வரை. கீழே நின்று கொடியைப் பிடித்துக் கொடுக்கிறான்.

ஏழு மாதச் செலவு என்ன என்று கேட்டேன். பஸ் டிக்கெட், இரண்டு டீ, பையனுக்கு ஒரு பரோட்டா என்றார் அப்பா.

"எத்தன வருசம் சார் இந்த ஊசி போடோணும்?" என்று கேட்டார் அம்மா.

"எனக்குத் தெரியாதுக்கா. அந்தம்மாகிட்டயே கேளுங்க."

"கேட்டேன். 'அதை நான் சொல்லக் கூடாது, அடுத்த தடவ டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேக்கலாம்'னாங்க."