கழன்றுவிடும் பட்டை

பூனைக்குட்டி வீட்டுக்கு வந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அதன் வெள்ளை முதுகில் மிளகைத் தூவியதுபோலச் சிறு சிறு கறும்புள்ளிகள் இருந்தன. அதனால், தம்பி அதற்கு ‘மிளகு’ என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

தோ பாயோவில் உள்ள வீவக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடியில் அந்தக் குடும்பம் வசிக்கிறது. அப்பா, அம்மா, உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்கா, தொடக்கநிலை நான்கில் படிக்கும் தம்பி, இவர்களோடு தாத்தா. தாத்தாவுக்கு வயது எழுபத்தைந்து. அக்கா பிறந்தபோது வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அந்த விதி மாறியது. வீவக வீடு ஒன்றில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆனால், ஒவ்வொரு பூனைக்கும் உரிமம் பெற வேண்டும், உடலில் நுண்சில்லு பொருத்த வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்துப் பூனைகளுக்குத் தினமும் உணவு வைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மையார்தான் மிளகைக் கொண்டுவந்து கொடுத்தார். அது வருவதற்கு முன்பே அப்பா சன்னல்களுக்கெல்லாம் வலை அடித்துவிட்டார்.

அன்று சனிக்கிழமை. தம்பி தன் சேமிப்புப் பணத்தில் ஒரு கழுத்துப்பட்டை வாங்கி வந்திருந்தான். சிவப்புத் தோல், பளபளக்கும் உலோக வளையம், இடைவாரில் இருப்பதுபோன்ற முள்பூட்டு, நடுவில் ஒரு சிறிய மணி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“தாத்தா, பாருங்கள்! இதை மிளகுக்குக் கட்டிவிடலாமா?” என்று ஓடிவந்து கேட்டான்.

நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தாத்தா அந்தப் பட்டையைக் கையில் வாங்கவில்லை. “வேண்டாம், ஐயா. அதன் கழுத்தில் எதையும் கட்ட வேண்டாம்,” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால், அதற்குமேல் பேச இடம் கொடுக்காத உறுதி இருந்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

தம்பியின் முகம் வாடியது. எதற்குமே ‘வேண்டாம்’ என்று சொல்லாத தாத்தா இதற்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அக்காவுக்கும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை மாலை, அம்மாவும் பிள்ளைகளும் மிளகைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். மருத்துவர் குட்டியைத் தராசில் நிறுத்தினார். எடை 1.3 கிலோகிராம். ஏறத்தாழ மூன்று மாதக் குட்டி என்றார். பிறகு, அதன் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கு அடியில் ஓர் அரிசிமணி அளவே உள்ள நுண்சில்லை ஊசிமூலம் செலுத்தினார். ஒரு கருவியை அருகில் கொண்டுசென்றபோது, பதினைந்து இலக்கங்கள் கொண்ட எண் அதன் திரையில் தோன்றியது.

“இனி இது தொலைந்துபோனாலும் கண்டுபிடித்துவிடலாம். அப்படியென்றால் கழுத்துப்பட்டை தேவையில்லை, இல்லையா?” என்று அக்கா கேட்டாள்.

மருத்துவர் சிரித்தார். “நுண்சில்லு எப்போதும் தொலையாது. ஆனால், அதைப் படிக்க இந்தக் கருவி வேண்டும். உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும்போது மிளகு வெளியே ஓடிவிட்டால், மூன்றாவது மாடியில் இருப்பவர் அதைப் பார்த்ததும் ‘இது யாரோ வளர்க்கும் பூனை’ என்று உடனே புரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குத்தான் பட்டை. கட்டாயம் கட்ட வேண்டும் என்பதில்லை. கட்டுவதாக இருந்தால் சரியானதைக் கட்ட வேண்டும்.”

தம்பி தன் பையிலிருந்து சிவப்புப் பட்டையை எடுத்து நீட்டினான். மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நாய்க்கு ஏற்ற பூட்டு, தம்பி. எவ்வளவு இழுத்தாலும் கழலாது. நாய் தரையில் நடக்கும் விலங்கு. பூனை அப்படியா? அலமாரியில் ஏறும், திரைச்சீலையில் தொங்கும், நுழைய முடியாத இடுக்கிலும் நுழைந்து பார்க்கும். பட்டை எங்காவது மாட்டிக்கொண்டால், பூனை பின்னால் இழுக்கும். இழுக்க இழுக்கக் கழுத்து இறுகும்.”

“அப்படியானால் எலாஸ்டிக் வைத்த பட்டை? அது நீளுமே!” என்றாள் அக்கா.

“நல்ல கேள்வி. அதுவும் ஆபத்துதான். எலாஸ்டிக் நீளும்போது பூனை தன் முன்காலை உள்ளே விட்டுவிடும். பிறகு காலை வெளியே எடுக்கத் தெரியாது. பட்டை அக்குளில் இறங்கி, நாள்கணக்கில் உராய்ந்து, ஆழமான புண்ணாகிவிடும். அப்படிப்பட்ட பூனைகளுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் தானாகவே திறந்துகொள்ளும் பூட்டுள்ள பட்டையைத் தேடிப் பாருங்கள். அதில் கயிறு கட்டிப் பூனையை நடத்திக்கொண்டு போக முடியாது. இழுத்தால் கழன்றுவிடும். கழல்வதுதான் அதன் வேலை.”

அன்று இரவு சாப்பிடும்போது தம்பி மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். பட்டை இறுகும் என்று அவன் சொன்னபோது, தாத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

“அது எனக்குத் தெரியும், ஐயா,” என்றார் தாத்தா.

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். ஜொகூரில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே எழுந்து பால்மரம் சீவப் போய்விடுவார்கள். வீட்டில் தனியாக இருக்கும் சிறுவனுக்கு ஒரு சாம்பல்நிறப் பூனைக்குட்டிதான் துணை. அப்போது அவருக்கு வயது ஒன்பது. தம் தங்கையின் பழைய கொலுசிலிருந்து ஒரு மணியைக் கழற்றி, சணல் கயிற்றில் கோத்து, குட்டியின் கழுத்தில் கட்டினார். அவிழ்ந்துவிடக் கூடாது என்று இரண்டு முடிச்சுப் போட்டார். குட்டி எங்கே போனாலும் மணிச்சத்தம் கேட்டது. அவருக்கு அது பெருமையாக இருந்தது.

“ஒரு நாள் இரவு அது வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த முள்கம்பி வேலியில்தான் கண்டுபிடித்தோம். கயிறு கம்பியில் மாட்டியிருந்தது. எங்கள் அப்பா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. பால்வெட்டுக் கத்தியால்தான் அறுத்தார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றுவரை நினைக்கிறேன்.”

தாத்தா எழுந்து கை கழுவப் போனார். தம்பி மேசையில் இருந்த சிவப்புப் பட்டையை எடுத்து, அதைக் குப்பைக்கூடையில் போட்டான். யாரும் அவனைப் போடச் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில், அம்மாவுடன் கடைக்குச் சென்ற அக்கா, தானே திறந்துகொள்ளும் பூட்டுள்ள இரண்டு பட்டைகளை வாங்கி வந்தாள். ஒன்று நீலம், மற்றொன்று மஞ்சள். இரண்டின் அட்டையிலும் ‘பாதுகாப்பானது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அவள் நீலப் பட்டையின் இரு பக்கத்தையும் பிடித்து இழுத்தாள். ‘டக்’ என்று திறந்துகொண்டது. மஞ்சளும் அப்படியே.

“இரண்டுமே நன்றாக இருக்கின்றன,” என்றாள்.

அப்பா கேட்டார்: “நீ இழுத்த வேகத்தில் திறந்துவிட்டது. சரி. மிளகுக்கு உன் கைபலம் இருக்கிறதா?”

அக்கா யோசித்தாள். மிளகின் எடை 1.3 கிலோகிராம்தான். பட்டை எங்காவது மாட்டி, அது தொங்க நேர்ந்தால், பூட்டைத் திறக்க அந்த எடை போதுமா? அடுப்பங்கரைக்குப் போனாள். சமையல் தராசை எடுத்தாள். ஒரு துணிப்பையில் அரிசியைக் கொட்டி, பையோடு சேர்த்து 1.3 கிலோகிராம் வருமாறு அளந்தாள். மிளகின் கழுத்தளவுக்குச் சுருக்கிய நீலப் பட்டையை வளையமாகப் பூட்டி, கதவின் கொக்கியில் மாட்டினாள். பூட்டு பக்கவாட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். வளையத்தின் அடிப்பக்கத்தில் பையைத் தொங்கவிட்டு, மெதுவாகக் கையை எடுத்தாள்.

பை தொங்கியது. பட்டை திறக்கவில்லை.

எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து விநாடி, இருபது விநாடி. பை அசையாமல் தொங்கிக்கொண்டே இருந்தது.

“வளையத்தில் தொங்கும்போது எடை இரண்டு பக்கமும் பிரிந்துவிடுகிறது, அப்பா. பூட்டு இருக்கும் பக்கத்துக்குப் பாதி எடைதான் போகிறது. நான் கையால் இழுத்தபோது முழு விசையும் பூட்டின்மேல் விழுந்தது. அதனால்தான் அப்போது திறந்தது,” என்றாள் அக்கா. அறிவியல் வகுப்பில் படித்தது அவளுக்கு இப்போதுதான் முழுமையாக விளங்கியது.

“இது நான்கு, ஐந்து கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்குச் சரியாக இருக்கலாம். மிளகுக்கு இது பாதுகாப்பு இல்லை,” என்றார் அப்பா.

அடுத்து மஞ்சள் பட்டையை மாட்டினாள். பையைத் தொங்கவிட்டு அவள் கையை முழுவதும் எடுப்பதற்குள் ‘டக்’ என்ற சத்தம் கேட்டது. பை தரையில் விழுந்து அரிசி எங்கும் சிதறியது. சோபாவின் கீழிருந்து பாய்ந்துவந்த மிளகு, உருண்டோடிய அரிசிமணிகளை இரு கால்களாலும் துரத்தத் தொடங்கியது. அம்மாகூடச் சிரித்துவிட்டார். ஐந்து முறை செய்து பார்த்தார்கள். ஐந்து முறையும் மஞ்சள் பட்டை திறந்துகொண்டது.

தாத்தா தம் நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மஞ்சள் பட்டையிலிருந்த மணியை அக்கா கழற்றிவிட்டாள். வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு மணி தேவையில்லை. தொங்கும் பொருள் எதுவும் எதிலாவது மாட்டக்கூடும். தகட்டில் எழுதித் தொங்கவிடாமல், அப்பாவின் கைப்பேசி எண்ணைத் துணிமையால் பட்டையின் மேலேயே எழுதினாள். மிளகின் கழுத்தில் அதைப் பூட்டி, பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே தன் விரலை நுழைத்துப் பார்த்தாள். ஒரு விரல் எளிதாகவும் இரண்டாவது விரல் சற்று நெருக்கமாகவும் நுழைந்தன. அதைவிட இறுக்கமாக இருந்தால் குட்டிக்கு மூச்சு முட்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால், காலோ கீழ்த்தாடையோ உள்ளே மாட்டிக்கொள்ளும். குட்டி வேகமாக வளர்வதால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அளவு பார்க்க வேண்டும் என்று தம்பி நாள்காட்டியில் குறித்து வைத்தான்.

முதல் நாள் மிளகு பின்பக்கமாகவே நடந்தது. கழுத்தைச் சொறிந்தது, தரையில் புரண்டது. அரை மணி நேரம் அணிவித்துவிட்டு, பட்டையைக் கழற்றி வைத்தார்கள். மறுநாள் ஒரு மணி நேரம். ஒரு வாரத்தில் அதற்குப் பட்டை பழகிவிட்டது.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு நாள் பின்னிரவில், அடுப்பங்கரைப் பக்கம் ஏதோ விழும் சத்தம் கேட்டது. முதலில் விழித்தவர் தாத்தாதான். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் அவர் விரைந்து சென்று விளக்கைப் போட்டார். துணி காயவைக்கும் தாங்கியின் கம்பி முனையில் மஞ்சள் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டதுபோல் இருந்தது.

பட்டையின் இரு முனைகளும் பிரிந்திருந்தன. அதற்குக் கீழே, விழுந்து கிடந்த துண்டின்மேல் உட்கார்ந்து, மிளகு தன் முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. விளக்கின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தது.

அக்கா எழுந்து வந்தபோது, தாத்தா தரையில் அமர்ந்திருந்தார். குட்டி அவர் மடியில் இருந்தது. கம்பியிலிருந்து எடுத்த பட்டையை அவர் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டையை அவர் தொடுவது அதுதான் முதல் முறை.

“தாத்தா, நான் பூட்டிவிடட்டுமா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“இல்லை, கண்ணு. எப்படி என்று மட்டும் சொல்லு,” என்றார் தாத்தா.

அவர் பட்டையை மிளகின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். பூட்டின் இரு பகுதிகளும் ‘டக்’ என்று சேர்ந்தன. பால்மரக் காட்டில் வளர்ந்த அந்தத் தடித்த விரலைப் பட்டைக்குள் நுழைத்து, இருமுறை சரிபார்த்தார். மிளகு அவர் மடியிலேயே தூங்கிவிட்டது.