விலக்கப்பட்ட மெட்டு

இசைக்கு இசையாதார் இவ்வுலகில் இல்லை. குழந்தை தாலாட்டில் உறங்குகிறது. ஆலயத்தில் பாட்டோடு சேர்ந்து நம் வேண்டுதலும் மேலெழுகிறது. ஆயினும், புதிய இசைக் கருவி ஒன்று வந்து நிற்கும்போது மட்டும், "இது எதற்கு?" என்று கேட்காதவர் மிகச் சிலரே! அவ்வாறு கேட்கப்பட்ட ஒரு பாடலின் கதையை எங்கள் இசை ஆசிரியை வகுப்பில் கூறினார். கேட்ட நாள் முதல் அது எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1962ஆம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து ஒரு குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. தந்தை இசைக் கலைஞர். தாய் இந்தோனேசியாவில் பிறந்தவர். மக்கள் இருவர்: அலெக்ஸ், எட்டி. இருவரும் சிறு வயதிலேயே பியானோ பயின்றனர். எட்டிக்கு ஸ்வரக் குறியீட்டைப் பார்த்து வாசிப்பது கைவரவில்லை. காதால் கேட்டே வாசித்துவிடுவார். நம் பெரியோர் இதைத்தானே கேள்வி ஞானம் என்பர்! பின்னர் அவர் கிதாரைக் கையில் எடுத்தார். சகோதரர் இருவரும் சேர்ந்து அமைத்த 'வான் ஹேலன்' என்னும் ராக் குழு புகழ் பெற்றது. எட்டியின் கிதாரைக் கேட்டு உலகமே வியந்தது.

ஆனால் அவர் உள்ளத்தில் பியானோ உறங்கவில்லை. சிந்தசைசரில் ஒரு மெட்டு அமைத்தார். ஹார்மோனியத்தில் காற்று ரீடுகளை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது. சிந்தசைசரில் மின் அதிர்வே ஒலியாகிறது. தொடக்க காலத்துச் சிந்தசைசர்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரந்தான் எழும். எட்டி வாசித்த ஓபர்ஹைம் ஓ.பி.-எக்ஸ்.ஏ. என்ற கருவியிலோ பல ஸ்வரங்கள் ஒருங்கே முழங்கும். எனவே அந்த மெட்டு எக்காளம்போல் எழுந்தது. அதன் அடியில் பேஸ் கிதார், நம் தம்புராவைப் போல், ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நின்றது.

குழுவினர் அதை ஏற்றார்களா? இல்லை! கிதார் வீரர் விசைப்பலகை வாசிப்பதை எவரும் விரும்பார் என்பது பாடகர் டேவிட் லீ ராத்தின் கருத்து என்று எட்டி பின்னாளில் கூறியுள்ளார். மெட்டு காத்துக் கிடந்தது. எட்டி சோர்ந்துவிடவில்லை, சண்டையிட்டுப் பிரியவும் இல்லை. 1983இல் ஒலிப்பதிவுப் பொறியாளர் டான் லேண்டியுடன் சேர்ந்து தம் வீட்டு வளாகத்திலேயே '5150' என்னும் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். அங்கே அந்த மெட்டு உயிர் பெற்றது. வேண்டாமென்ற ராத்தே அதற்குச் சொற்கள் எழுதிப் பாடினார். அதுவே 'ஜம்ப்'.

1983 டிசம்பரில் அது சிங்கிள் இசைத்தட்டாக வெளிவந்தது. கிதார் ரசிகர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் 1984 பிப்ரவரியில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் ஏறி, 5 வாரங்கள் அங்கேயே நின்றது. அக்குழுவுக்கு அப்பட்டியலில் முதலிடம் தந்த ஒரே பாடல் அதுவே! '1984' என்ற அவர்களது இசைத்தொகுப்போ இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தில் இருந்தது மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்'. அதிலுள்ள 'பீட் இட்' பாடலுக்குக் கூலி வாங்காமல் கிதார் வாசித்துக் கொடுத்தவரும் இதே எட்டிதான். விந்தையல்லவா?

வெற்றி எல்லாப் பிணக்கையும் தீர்த்துவிடும் என்று நினைப்போம். அவ்வாறு நிகழவில்லை. 1985இல் ராத் குழுவை விட்டு விலகினார். பாட்டு வென்றது, நட்பு நிலைக்கவில்லை. எட்டி 2020 அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார்.

எங்கள் பாடகர் குழுவிலும் ஹார்மோனியம் வேண்டும் என்போர் ஒரு பக்கம். கீபோர்டு வேண்டும் என்போர் மறுபக்கம். குறியீடு தெரிந்தவளே இசை அறிந்தவள் என்ற பேச்சும் எழுந்ததுண்டு. ஆனால் 'ஜம்ப்' பாடலில் சிந்தசைசர் வந்ததால் கிதார் வெளியேற்றப்படவில்லையே! நடுவில் கிதார் தனித்து முழங்குகிறது. அது ஓய்ந்ததும் சிந்தசைசர் தொடர்கிறது. இதைக் கூர்ந்து கேட்டபின், கிறிஸ்து பிறப்பு விழாப் பாடல்களில் இரண்டையும் சேர்த்தோம். கேள்வி ஞானம் உள்ள தோழியே கீபோர்டு வாசித்தாள்.

அன்புத் தோழியரே! விலக்கப்பட்ட கல் மூலைக்கல்லாவதைத் திருமறையில் படிக்கிறோம். இறைவன் தந்த தாலந்து ஒன்றல்ல, இரண்டாக இருந்தால் இரண்டையும் வளர்ப்போம். பிறர் மறுத்தால் பொறுமையோடு உழைப்போம். அதே வேளையில், இன்று நம்மை மறுப்பவளே நாளை நம் மெட்டுக்குச் சொல் தருபவளாகலாம் என்பதையும் மறவாதிருப்போம். பாட்டும் வெல்லட்டும், நட்பும் நிலைக்கட்டும்!

— பாடகர் குழு மாணவியர், 11ஆம் வகுப்பு