சிவப்பு விளக்கில் நின்றுபோன கார்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. கிள்ளான் மேரு சாலையில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தேன். நல்ல மழை. ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஸ்டியரிங் கையில் நடுங்கியது. ஆர்பிஎம் முள் ஒருமுறை மேலே போய், சரிந்து, அப்படியே படுத்துவிட்டது. இன்ஜின் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துத்தான் பச்சை விளக்கு எரிய வேண்டுமா? பின்னால் நின்ற லோரி அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் கார் மறுபடி கிளம்பிவிட்டது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் வம்பு. அடுத்த சில நாள்கள் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கியரை ‘என்’னுக்குத் தள்ளி, ஒரு கால் பிரேக்கிலும் இன்னொரு கால் எண்ணெய் மிதியிலுமாக, ஏர்கோனையும் அடைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க ஷா ஆலமில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வந்தேன்.

என்னுடையது பன்னிரண்டு வயதான உள்நாட்டுக் கார். பெயர் எதற்கு? உங்கள் வீட்டு வாசலிலும் அதே மாதிரி ஒன்று நிற்கும். 148,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் கணக்காளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. கடனைக் கட்டி முடித்தபோது கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறேன். அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம்.

சனிக்கிழமை விட்டு திங்கள்கிழமை ஒரு பட்டறைக்குப் போனேன். ஃபோர்மேன் போனெட்டைத் திறந்தார், இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார், “த்ரோட்டல் பாடி போச்சு. புதுசு மாத்தணும். எல்லாம் சேர்த்து 780 வெள்ளி” என்றார். எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. “சுத்தம் செய்தால் சரியாகாதா?” என்று கேட்டேன். அவர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி, “வீட்டுல அப்பாவோ அண்ணனோ இருந்தா பேசச் சொல்லுங்க தங்கச்சி” என்றார்.

எனக்கு 780 வெள்ளி வலித்ததைவிட அந்தப் பதில் அதிகமாக வலித்தது. வருடா வருடம் கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்து, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கிறவள் நான். என் காரைப் பற்றி என்னிடம் பேச முடியாதாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்தவர். டிராக்டர், லோரி, மேனேஜருடைய பழைய பெட்ரோல் லேண்ட் ரோவர் என்று எல்லாமே அவர் கை பட்டு ஓடியவை. இப்போது கண் மங்கிவிட்டது, கையில் நடுக்கமும் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “மாத்த வேண்டாம். கழுவினாலே போதும்னு நினைக்கிறேன்” என்றார். எனக்கு நிம்மதி. அடுத்த வார்த்தை வரும் வரைக்கும்தான்.

“அண்ணன் வரட்டும் பாப்பா. பார்த்துக்கலாம்.”

அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அடுத்து வருவது தீபாவளிக்குத்தான்.

சின்ன வயதில் அப்பா வீட்டு வாசலில் எதையாவது கழற்றிக்கொண்டு உட்கார்ந்தால், டார்ச் பிடிப்பது அண்ணனின் வேலை. தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. யாரும் என்னை விரட்டியதில்லை. ஆனால் யாரும் கூப்பிட்டதும் இல்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

“நீங்க சொல்லுங்கப்பா. நான் செய்யறேன்.”

அப்பா என் கையைப் பார்த்தார். நகப்பூச்சு போட்டிருந்தேன். சிரித்துவிட்டு, “சனிக்கிழமை காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி” என்றார்.

இந்தத் த்ரோட்டல் பாடி என்பது என்ன என்று அந்த வாரம்தான் எனக்கே புரிந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அந்தக் காற்று போகிற வாசல்தான் இது. உலோகக் குழாய்க்குள் வட்டமான ஒரு தட்டு, நடுவில் ஒரு தண்டு. எண்ணெய் மிதியை அழுத்தினால் தட்டு திரும்பி வாசல் திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது வாசல் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். தட்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய இடுக்கிலும், பக்கத்தில் இருக்கும் சின்ன வழியிலும் போகிற கொஞ்சக் காற்றை வைத்துத்தான் இன்ஜின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்ஜினுக்குள் உண்டாகும் எண்ணெய் ஆவியை வெளியே விட்டால் ஊர்க் காற்று கெட்டுப்போகும். அதனால் அதைக் குழாய் வழியாகத் திரும்பவும் உள்ளே அனுப்பி எரித்துவிடுகிறார்கள். அந்த ஆவியும், ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்ணிய தூசும் சேர்ந்து, வருடக்கணக்கில் தட்டின் ஓரத்தில் கறுப்புப் பிசினாகப் படிகிறது. இடுக்கு அடைபடுகிறது. காரின் கணினி முடிந்த மட்டும் ஈடுகட்டிப் பார்க்கும். ஏர்கோன் போட்டால் சுமை கூடும், காற்று போதாது, மூச்சு நின்றுவிடும். மேரு சாலையில் எனக்கு நடந்தது அதுதான்.

“கார்புரேட்டர் இருந்த காலத்துலயும் இதே கதைதான். வாசல் மட்டும்தான் மாறியிருக்கு” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை எட்டு மணி. இன்ஜின் முழுக்க ஆறியிருந்தது. கார் போர்ச்சில் அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கீழே பழைய தமிழ் நாளிதழ்களை விரித்து, அதன்மேல் ஸ்க்ரூ டிரைவர், பழைய பல் துலக்கும் பிரஷ், நூல் உதிராத துணி, கையுறை, கண்ணாடி எல்லாம் வைத்தோம். த்ரோட்டல் பாடி சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் ஸ்பிரே ஒரு டின் 19 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். கடையில் கார்புரேட்டர் கிளீனரைத்தான் முதலில் நீட்டினார்கள். அது கடுமையானது, சில த்ரோட்டல் பாடிகளின் உள்பூச்சையும் ரப்பரையும் கெடுத்துவிடலாம் என்று டின்னைத் திருப்பிப் படித்து மாற்றி வாங்கினேன்.

அப்பாவின் முதல் கட்டளை: “எதையும் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல படம் எடு.” எடுத்தேன். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, பக்கத்தில் இருந்த இரண்டு சின்னக் குழாய்களையும் உருவினேன். ரப்பர் குழாயை விலக்கியதும் அந்தத் தட்டு தெரிந்தது. வெளிப்பக்கம் பரவாயில்லை. திறந்து ஓரத்தைப் பார்த்தபோதுதான், பல வருடம் தேய்க்காத தோசைக்கல்லின் விளிம்பு ஞாபகத்துக்கு வந்தது.

என் காரில் தட்டைக் கேபிள்தான் இழுக்கிறது. அதனால் அம்மாவைக் கூப்பிட்டு டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தோம். வாழ்க்கையில் கார் ஓட்டாத அம்மா, சாவி இல்லாத காரில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இதுதானே எண்ணெய்? கார் ஓடிடாதே?” என்று நான்கு தடவை கேட்டார். “அமுக்கும்மா” என்றால் தட்டு திறக்கும், “விடும்மா” என்றால் மூடும்.

புதிய கார்கள் பலவற்றில் இந்தக் கேபிள் கிடையாது. ஒரு சின்ன மோட்டார்தான் தட்டைத் திறக்கும். அப்படிப்பட்ட காரில் தட்டை விரலால் தள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுப்போகலாம். சுத்தம் செய்த பிறகு கணினிக்குப் புது நிலையைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும். அந்த முறை காருக்குக் கார் மாறும். காரோடு வந்த கையேட்டில் தெளிவாக இல்லையென்றால் நல்ல பட்டறையில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஸ்பிரேயை நேரே பீய்ச்சாமல் துணியிலும் பிரஷிலும் அடித்துத் துடைத்தேன். ஓரத்தில் இருக்கும் சென்சாரில் ஈரம் படக் கூடாது, தட்டை நிறுத்தும் சின்ன ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கறுப்புச் சாறு துணியில் ஊறியது. இரண்டாம் துணி, மூன்றாம் துணி. உள்பக்கம் இருட்டு. “வெளிச்சம் பத்தல” என்று முனகினேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். டார்ச்சைக் கையில் எடுத்தார். வெளிச்சம் நடுங்கியது. முழங்கையைக் காரின் ஓரத்தில் ஊன்றி, இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் நின்றது. நான் தலையைக் குனிந்து தேய்க்க ஆரம்பித்தேன். இருவரும் எதுவும் பேசவில்லை.

அரை மணி நேரத்தில் தட்டின் ஓரம் உலோக நிறத்துக்கு வந்தது. ஸ்பிரே முழுக்கக் காய்ந்து வாடை போகும் வரை காத்திருந்தோம். எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரி வயரை இறுக்கி, சாவியைத் திருப்பினேன். இரண்டு மூன்று தடவை இழுத்த பிறகு இன்ஜின் கிளம்பியது. கொஞ்சம் வெண்புகை. உள்ளே ஒட்டியிருந்த மிச்சம் எரிகிறது, பயமில்லை என்றார் அப்பா.

ஆனால் ஆர்பிஎம் முள் 2000-க்குப் போய் அங்கேயே நின்றது. வண்டி நின்ற இடத்தில் உறுமியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இறங்கவே இல்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. 780 வெள்ளியோடு முடிய வேண்டியதை நானே பெரிதாக்கிவிட்டேனோ? “வீட்டுல அண்ணன் இருந்தா” என்ற குரல் மறுபடி கேட்டது. போனெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக மாட்டியிருப்பது போலத்தான் தெரிந்தது.

“கண்ணால தேடாதே. காதால தேடு” என்றார் அப்பா.

குனிந்து காதைக் கொடுத்தேன். இன்ஜின் சத்தத்துக்கு அடியில், பாம்பு சீறுவது போல மெலிதாக ஒரு ‘ஸ்ஸ்’. சத்தம் வந்த பக்கம் இடது ஓரம். போனில் எடுத்த படத்தைப் பார்த்தேன். உருவிய இரண்டு சின்னக் குழாய்களில் ஒன்றைத்தான் திரும்ப மாட்டியிருந்தேன். இன்னொன்று கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த துளை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் வேலை மொழியில் சொன்னால், ரசீது இல்லாத வரவு.

இன்ஜினை அணைத்து, குழாயை அழுத்தி மாட்டி, மறுபடி கிளப்பினேன். முள் 1200-இல் கொஞ்ச நேரம் நின்று, மெல்ல இறங்கி, 800 அருகில் அமைதியானது. பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டோம். பிறகு ஏர்கோனைப் போட்டேன். ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் எப்போது கேட்டது என்று அப்பாவிடம் கேட்டேன். “கிளப்பின உடனேயே” என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை? “சொன்னா நான் செஞ்ச வேலையாயிடும்.”

எல்லாக் காருக்கும் இது மருந்து என்று சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும், இக்னிஷன் கோயில் கெட்டாலும், எங்காவது காற்று கசிந்தாலும் இதே போல நடுங்கும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேன் செய்து பார்ப்பதுதான் முறை. நல்ல ஃபோர்மேனுக்குக் கொடுக்கும் கூலி, அப்பாவுக்கு இருப்பது போன்ற காதுக்குக் கொடுக்கும் கூலி. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் இனிமேல் எந்தப் பட்டறைக்குப் போனாலும், “கழற்றிக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்” என்று என்னால் சொல்ல முடியும். அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

அன்று மாலை கறுப்புத் துணியையும் சுத்தமான தட்டையும் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். “யார் டார்ச் பிடிச்சது?” என்று கேட்டான். “அப்பா” என்றேன். ஒரு சிரிப்புப் படம் அனுப்பினான். பிறகு, “என்னைத் திட்டின மாதிரி உன்னையும் திட்டினாரா?” என்று கேட்டான். திட்டவில்லை என்று சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கார் இப்போது சிவப்பு விளக்கில் ஒழுங்காக நிற்கிறது. போன சனிக்கிழமை காலை, நான் எழுந்து வருவதற்குள் அப்பா நாற்காலியைக் கார் போர்ச்சில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கருவிப்பெட்டி திறந்திருந்தது.

“பாப்பா, பிளக் எப்ப மாத்தின?” என்றார்.

இந்த முறை அண்ணன் வரட்டும் என்று சொல்லவில்லை.